ஸ்டாம்ப் அளவு அப்பாக்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் புனேயில், கசார்வாடியில் குடியிருந்தோம். கணவருக்கு வங்கி வேலை. கோயமுத்தூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்தோம். நான் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று டி.டி.பி. வேலை செய்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் தமிழ் டைப் அடிக்கத் தெரிந்தவர்கள் அபூர்வம். அதனால் எங்கள் தமிழர் சங்கத்தின் பொங்கல் மலரும் என் தலையில்தான் விழுந்தது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன் என்று வையுங்கள்!

அந்த வருஷ மலரின் நடுப்பக்கத்துக்கு 'எங்கள் அப்பா' என்று தலைப்பு. பிழைப்புத் தேடி முதன்முதலில் புனேவுக்கு வந்து சேர்ந்த அப்பாக்களின் படமும் நாலு வரிக் குறிப்பும். ஒரு டஜன் குடும்பங்கள் ஆளுக்கொரு ஃப்ளாப்பியில் படம் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால் உள்ளே இருந்த கோப்பின் பெயர் என்ன தெரியுமா? எல்லாவற்றிலும் 'அப்பா'! அவரவருக்கு அவரவர் அப்பாதானே அப்பா. சிரித்துக்கொண்டே குடும்பத்துக்கு ஒரு ஃபோல்டராகப் போட்டு வைத்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். பக்கம் அமைக்கும் மென்பொருளில் திரையில் தெரிவது நிஜப் படம் இல்லை, அதன் மங்கலான நகல். நிஜப் படம் ஃபோல்டரில் இருக்கும். அது இருக்கும் விலாசத்தை மட்டும் பக்கம் நினைவில் வைத்திருக்கும். அச்சுக்குப் போகும்போது அந்த விலாசத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளும். விலாசம் மாறினால் போச்சு.

கடைசியாக ஃப்ளாப்பி கொண்டுவந்தவள் கடக்வாஸ்லா பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். அங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். அவள் அப்பா இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல படம். அதை ஸ்கேன் செய்துகொண்டு திரும்பும்போது படத்தை ஃபிரேமோடு பஸ்ஸிலேயே விட்டுவிட்டாளாம். டெப்போவுக்கு நடையாய் நடந்தும் கிடைக்கவில்லை. அம்மாவிடம் ஃபிரேம் மாற்றக் கொடுத்திருப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள்.

சங்கத்தில் இன்னொருவர் இருந்தார். திருநெல்வேலிக்காரர், ராணுவக் கணக்கு ஆபீசில் ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் வந்து நிற்பார். "எங்கப்பாதான்மா இங்க முத ஆளு. மத்தவங்களவிட அவர் படம் பெருசா வரணும்" என்பார். எல்லாருக்கும் ஒரே அளவுதான் என்றால் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார். மறுநாள் அதே நேரத்துக்கு ஆஜர். எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல்.

அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியதற்கு முந்தைய நாள் நான் காய்கறி வாங்கப் போயிருந்தேன். வீட்டில் சும்மா இருந்த என் கணவர் உதவி செய்கிறேன் என்று கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறார். எதற்கு இத்தனை ஃபோல்டர் என்று எல்லாப் படத்தையும் ஒரே ஃபோல்டரில் கொட்டியிருக்கிறார். 'இதே பெயரில் ஒன்று இருக்கிறது, மாற்றிவிடவா?' என்று அது ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறது. மனுஷர் ஒவ்வொரு முறையும் சரி சொல்லியிருக்கிறார்! பழைய ஃபோல்டர்களையும் ஒழித்துக்கட்டிவிட்டு, "எவ்ளோ இடம் மிச்சம் பாரு" என்று பெருமை வேறு.

"ஐயோ, போச்சு!" என்று கத்திக்கொண்டே பக்கத்தைத் திறந்தேன். திரையில் எல்லா அப்பாக்களும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். "அப்படியேதான இருக்கு, எதுக்குங்க மேடம் இந்தக் கத்து?" என்றார் கணவர். ஒரு தாள் அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். முகங்கள் எல்லாம் குளியலறை டைல்ஸ் மாதிரி கட்டம் கட்டமாக வந்திருந்தன. பாவம், மனுஷர் தானே போய் ஃப்ளாப்பிகளை எடுத்துவந்து கொடுத்தார்.

ஃபோல்டரில் மிஞ்சியிருந்தது ஒரே அப்பா, திருநெல்வேலிக்காரருடைய அப்பா. மற்றவர்களை ஃப்ளாப்பியிலிருந்து திரும்ப ஏற்றினேன். எல்லாரும் வந்துவிட்டார்கள், அந்தப் பெண்ணின் அப்பாவைத் தவிர. அவள் ஃப்ளாப்பி கரகரவென்று சுற்றியது, திறக்கவே இல்லை. அவளுக்கு ஃபோன் செய்தேன். ஸ்கேன் கடையில் அன்றன்றைக்கே அழித்துவிடுவார்களாம். "ஆன்ட்டி, மம்மி டெய்லி கேக்கறா. புக்ல பப்பா வருவார்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டா" என்று அழுதாள்.

அவர் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது என் திரையில் தெரிந்த அந்த மங்கல் நகலில் மட்டும்தான். மனசு கேட்காமல் அதைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி அச்செடுத்துப் பார்த்தேன். தபால் ஸ்டாம்ப் அளவுக்கு வந்தபோது கட்டங்கள் மறைந்து முகம் துலங்கியது. கண்ணாடி, நெற்றியில் விபூதி, பாதிச் சிரிப்பு. ஆனால் அத்தனை பெரிய அப்பாக்களுக்கு நடுவில் இவர் மட்டும் குழந்தை மாதிரி நின்றார்.

அப்போது பார்த்து அந்தத் திருநெல்வேலிப் பெரியவர் வந்து சேர்ந்தார். "சார், இன்னைக்கு மட்டும் அளவைப் பத்திப் பேசாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து அந்தச் சின்ன முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்கப்பாவையும் இதே அளவு ஆக்கிரும்மா" என்றார்.

எனக்குக் காதில் விழுந்தது நிஜமா என்று புரியவில்லை.

"எல்லாரையும் ஆக்கு. அந்த மனுஷன் மட்டும் சின்னதா நின்னா அந்தப் பொம்பளைக்கு எப்படி இருக்கும்? மத்தவங்கட்ட நான் பேசுதேன்" என்றவர், என் வீட்டு ஃபோனிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். யாரோ முரண்டு பிடித்திருக்க வேண்டும். "அரே பாய், எங்கப்பாவே சின்னதாத்தான் வாராரு. உங்கப்பாவுக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்று ஒரு சத்தம் போட்டார். அதற்கப்புறம் யாரும் மறுக்கவில்லை.

பொங்கல் விழாவில் அந்தப் பெண்ணின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து நடுப்பக்கத்தைப் பிரித்தார். விரலால் தேடி, கணவர் முகத்தில் விரலை நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் அவர் பெண் மூச்சு விடாமல் நின்றாள். அந்த அம்மா நிமிர்ந்து, "ஏங்க, எல்லாரையும் இவ்ளோ சின்னதாப் போட்டுட்டீங்க?" என்று பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டார்.

"தாள் பத்தலைம்மா" என்றார் அவர்.

பக்கத்தில் பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடந்தது. அந்த அம்மா பக்கத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "பரவால்லைங்க. எல்லாரும் ஒண்ணா இருக்காங்களே" என்றார்.

இப்போது பென் டிரைவ் வந்துவிட்டது, எல்லாப் படத்துக்கும் நகல் எடுத்துவைக்கிறேன், ஃபோல்டர் பக்கம் கணவரை விடுவதே இல்லை. ஆனாலும் ஏதாவது மலரில் யாருடைய படமாவது பக்கம் முழுக்க நிறைந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், தன் அப்பாவைச் சின்னதாக்கச் சொன்ன அந்த மனிதர் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார்.