நான் எடுத்துவிட்ட ஏணி

மும்பையின் தாராவியை இடித்துக் கட்டுவதற்காக அங்கே வீடுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அவரவர் வீட்டை ரப்பர் போன்ற லினோ தகட்டில் செதுக்கி, மை தடவி அச்செடுத்து, சந்துச் சுவர்களில் ஒட்டுவது என்று ஒரு சந்துப் பெண்கள் முடிவெடுத்தார்கள். பக்கத்து மாட்டுங்காவிலிருந்து போய்ச் செதுக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்.

தையல் வேலை செய்யும் மைமூன் அக்காவின் படத்தில், கோணலான ஏணி ஒன்று ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. படம் எடுப்பாக இருக்கட்டுமே என்று, அவர் தொழவும் சமைக்கவும் போயிருந்த நேரத்தில் அந்த ஏணியைச் செதுக்கி எடுத்துவிட்டேன். கேட்கவில்லை. நாற்பது தாள்களில் அச்சும் போட்டுவிட்டேன்.

திரும்பி வந்தவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏணிய எங்க டீச்சர்? நாங்க மாடிலல்லா இருக்கோம்."

"அது இல்லாம அழகா இருந்தது..." என்று இழுத்தேன்.

"சர்வேக்காரனும் ஏணில ஏறல. மாடில ஆளே இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டான். நீங்களும் அதத்தான் செஞ்சிருக்கிய."

செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்று முதல் நாளே அவர்களுக்குச் சொன்னவள் நான்தான்.

மைமூன் அக்கா விரலில் மை தொட்டு, தாளில் ஏணி இருந்திருக்க வேண்டிய இடத்தில் படுக்கவைத்து அழுத்தினார். ஒன்றின் மேல் ஒன்றாக எட்டுப் படிகள். பிறகு பாதித் தாள்களை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களும் வைங்க டீச்சர். சேந்து செஞ்சா சீக்கிரம் முடியும்."

எல்லாவற்றையும் ஒட்டி முடித்ததும் டீ குடிக்க வீட்டுக்குக் கூப்பிட்டார். இரண்டு மாதமாக அந்தச் சந்துக்குப் போய் வந்துகொண்டிருந்தவள், அன்றுதான் முதல்முறையாக அந்த ஏணியில் ஏறினேன். நடுப்படி ஒன்று ஆடியது. நான் மேலே போய்ச் சேரும்வரை, மைமூன் அக்கா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.