ஒரு நாள் முந்திப் பூசிய சந்தனம்

"…மத்தியானத்துக்குள்ள இவரு ஆபீசுக்கு வரலன்னா, நேரா என்னோட வூட்டுக்கு வாங்க மேடம். என்னோட மொபட்டு நம்பர எழுதிக்கங்க. அதுக்கு ஆயுசுக்கும் வரி கட்டியிருக்குது. அத எடுத்துக்கிட்டுப் போங்க."

என் லோடு வண்டிக்காக ரோட்டோரம் நின்று இப்படிச் சொன்னவர், நல்லம்பள்ளி பக்கம் சாமந்தி போட்டிருக்கும் ஓர் அக்கா. கேட்டுக்கொண்டிருந்தவர் வாகன ஆய்வாளர் மேடம். நடுவில் நான், தரையைப் பார்த்தபடி.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை அது. வண்டி நிறைய அக்காவின் பூ மூட்டைகள். வருசம் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சியது அந்த ஒரு நாள் விலைக்காகத்தான். அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போய்ச் சேராத சாமந்தியை மறுநாள் மாடுதான் கேட்கும்.

வண்டியை நான் பெங்களூரில் பழையதாக வாங்கியிருந்தேன். அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே பதிவை மாற்றி, இங்குள்ள வரியைக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. கர்நாடக நம்பரோடேயே தருமபுரிக்கும் பொம்மிடிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தேன். எல்லை பக்கத்திலேயே இருப்பதால், யார் கேட்டாலும் "நேத்துதான் வந்துச்சுங்க" என்று சொல்லிவிடலாம் என்ற தைரியம்.

எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. அதை வண்டிக்குள் அக்காவிடம் அடிக்கடி சொல்வேன். "முன்னாடி வெச்சிருந்தவரு அங்க வரி கட்டிட்டாருக்கா. டீசல்ல வரி, டோல்கேட்டுல காசு. ஒரே வண்டிக்கு இன்னும் எத்தன தடவ?"

"அங்க கட்டுனவரு அங்க ஓட்டுனாருங்க. நீங்க ஓட்டறது எங்க ரோடு. என்னோட மொபட்டு தோட்டத்துக்கும் வூட்டுக்கும்தான் போவுது. அது தேய்க்கிற ரோடு எவ்வளவு, உங்க வண்டி தேய்க்கிறது எவ்வளவு? குழி வுழுந்தா உங்களுக்கு டயரு போவுது, எனக்கு முட்டி போவுது."

நல்ல பேச்சு காதில் விழுந்தால் டீசல் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைப்பது என் வழக்கம். இதையும் எழுதி வைத்தேன். வரியை மட்டும் கட்டவில்லை.

அன்று காலை, பெரிய ரோட்டில் செக்கிங் என்று இன்னொரு டிரைவர் போன் செய்தார். எனக்குள் மூளை வேலை செய்தது. சந்தனத்தைக் குழைத்தேன். முன் நம்பர் பலகையிலும் பின் பலகையிலும் எழுத்து தெரியாத அளவுக்குத் தடவி, மேலே குங்குமம் வைத்து, கண்ணாடிப் பக்கம் இரண்டு வாழைக்கன்றும் கட்டினேன். பூஜை போட்ட வண்டியை யார் நிறுத்தப் போகிறார்கள்?

மூட்டை ஏற்ற வந்த அக்கா பார்த்துச் சிரித்தார். "ஊருக்கெல்லாம் நாளைக்கு. உங்க வண்டிக்கு மட்டும் சாமி இன்னிக்கே வந்துட்டாருங்களா?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ரோட்டில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. அத்தனை லாரி, அத்தனை பஸ், சந்தனம் பூசியது என்னுடையது ஒன்றே ஒன்று. தூரத்திலிருந்தே மேடம் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னார்.

"பூஜை நாளைக்குத்தானேங்க?"

"ஆமாங்க மேடம். நாளைக்குக் கூட்டமா இருக்கும்னு…"

அவர் சிரிக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினார். வண்டி வந்து எத்தனை நாள் என்று கேட்டார். நேத்துதான் என்றேன். உடனே வண்டிக்குள் இருந்த அக்காவிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா, எத்தன நாளா இந்த வண்டியில பூ ஏத்தறீங்க?" என்றார்.

அக்காவும் நேத்து என்றால் தீர்ந்தது. பூவும் போய்ச் சேரும், நானும் தப்பிப்பேன். அவர் என்னைப் பார்த்தார், பின்னால் மூட்டைகளைப் பார்த்தார்.

"தை மாசத்துல இருந்துங்க மேடம்."

வண்டியை ஆபீசுக்கு ஓட்டச் சொன்னார் மேடம். அது உள்ளே போய் நின்றுவிட்டால் என் பிழைப்பும் அங்கேயே நிற்கும், அக்காவின் பூவும் அதிலேயே வாடும். என் பொய்க்கு அவர் எதற்கு நட்டப்பட வேண்டும்? அப்போதுதான் அக்கா கீழே இறங்கி, பூவை இறக்கிவிட்டு இவர் தானாக வருவார் என்று தொடங்கி, மொபட் வரைக்கும் சொன்னது.

மேடம் மொபட் நம்பரை எழுதிக்கொண்டார். ஆர்.சி.யைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மத்தியானம் வரை நேரம் கொடுத்தார். சொன்னபடி போனேன். அபராதத்தோடு வரியும் கட்டினேன். முன்னால் வைத்திருந்தவர் பெங்களூரில் கட்டிய வரியில் மிச்ச காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம் என்று அவரேதான் வழி சொல்லி அனுப்பினார். அலைந்தேன், கொஞ்சம் வந்தது. இரண்டு இடத்தில் வாங்கி, ஓரிடத்தில் கேட்டுத் திரும்பப் பெறும் இந்த ஏற்பாடு இன்னும் எளிதாக இருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் செக்கிங் என்று போன் வந்தால் இப்போது நேராக அந்த ரோட்டிலேயே போகிறேன். அந்த நிம்மதியை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அக்கா. பொய் சொல்லி என்னைக் காப்பாற்றியிருந்தால், இன்றைக்கும் சந்தனம் குழைத்துக்கொண்டிருப்பேன்.

அன்று ரோட்டோரம் மேடம் சரி என்று தலையாட்டியதும் அக்கா வண்டிப் பக்கம் வந்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்து முந்தானையை நனைத்தார். வண்டிக்கு முன்னால் குனிந்து, பலகையில் இருந்த சந்தனத்தை ஒவ்வோர் எழுத்தாகத் துடைத்தெடுத்தார். பின்னால் போய் அதையும் துடைத்தார். முந்தானையைப் பிழிந்து உதறிவிட்டு, ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.