வெட்டாமல் விட்ட சீட்டு

எங்கள் சபை அலுவலகத்தில் நான் இருபத்திரண்டு வருடமாகக் குமாஸ்தா. எனக்கு வாய் நீளம் என்பது சபைக்கே தெரியும். போதகருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அந்த வாயால் ஒருநாள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் அதனால் ஒரு நல்ல மனிதர் பொய்யர் என்று பேர் வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து வெளியே போனார்.

அவரை நாங்கள் லிஃப்ட்காரர் என்போம். முப்பத்து நான்கு வருடம் ஒரு லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் கம்பெனி அவர் கையில் ஒரு புகார்ச் சீட்டைக் கொடுக்கும். மேலே என்ன கோளாறு, கீழே முகவரி, கடைசியில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போட ஒரு கோடு. சீட்டு கைக்கு வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கட்டிடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் நின்று அவருடைய கூட்டாளி சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை மெல்ல நகர்த்துவார். இவர் வேலை, சாத்திய கதவுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருப்பது.

"இருட்டுக்குக்கூட ஜனங்க அவ்வளவு பயப்பட மாட்டாங்கம்மா. வெளிய சத்தம் நின்னுபோச்சுன்னாதான் பயம். நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சுக்குவாங்க" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதனால் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுவாராம். மழை வருமா வராதா, தன் பல்வலி, மேலதிகாரியின் வழுக்கை, எதுவானாலும் சரி. உள்ளேயிருந்து பதில் வராவிட்டாலும் நிறுத்த மாட்டாராம்.

சபைக்கு முதலில் வந்துகொண்டிருந்தது அவர் மனைவிதான். பாடகர் குழுவில் கடைசி வரிசை. ஞாயிற்றுக்கிழமையும் கணவருக்கு வேலை என்று தனியாக வருவார், தனியாகப் போவார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த அம்மா வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தபோது மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த வருடம் லிஃப்ட்காரருக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஒரே மகள் கடல் தாண்டி இருக்கிறாள். மாதம் ஒருமுறை போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், இவர் சாப்பிட்டேன் என்பார், அதோடு சரி.

மனைவியிடமிருந்த பாடகர் குழுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்தான். ஆராதனை நடந்துகொண்டிருந்ததால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முடிந்ததும் புத்தகத்தை என் மேஜையில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அடுத்த வாரமும் வரலாமாம்மா?"

"இதென்ன சினிமா கொட்டகையா, டிக்கெட் எடுத்துட்டு வர்றதுக்கு? வாங்கண்ணா" என்றேன்.

வந்தார். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஜெப நேரத்தில் விரும்பியவர்கள் வாய்விட்டு ஜெபிக்கலாம் என்பது எங்கள் வழக்கம். மூன்றாவது மாதம் அவரும் எழுந்து நின்றார். "ஆண்டவரே, சும்மா இருக்க முடியலை. எங்கயாவது வேலை இருந்தா சொல்லி அனுப்புங்க" என்றார். அவ்வளவுதான் ஜெபம். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மேஸ்திரியிடம் வேலை கேட்பது போல ஆண்டவரிடம் கேட்கிறாரே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அதே ஜெபத்தைத்தான் செய்தார். ஒரு எழுத்து மாறாது.

எங்கள் சபையில் ஜெபச் சீட்டு என்று ஒன்று உண்டு. கஷ்டத்தில் இருப்பவர்கள் ஒரு தாளில் மேல் பாதியில் கஷ்டத்தையும் கீழ்ப் பாதியில் பேர், முகவரியையும் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். சனிக்கிழமை நான் கீழ்ப் பாதியைக் கத்தரித்துப் போதகரிடம் கொடுத்துவிடுவேன். மேல் பாதியை மடித்து வாசலில் ஒரு கூடையில் வைப்பேன். ஞாயிறன்று போகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, யாருக்கென்று தெரியாமலே ஒரு வாரம் ஜெபிப்பார்கள். லிஃப்ட்காரருக்கு இதையெல்லாம் யாரும் விளக்கவில்லை. ஒரு ஞாயிறு எல்லாரும் எடுப்பதைப் பார்த்து அவரும் முதல்முறையாக ஒன்றை எடுத்தார். முந்தின நாள் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. தாடை வீங்கி, கை என்ன செய்கிறது என்றே தெரியாமல் வேலை செய்தேன். அந்த ஒரு சீட்டை வெட்டாமல் மடித்துவிட்டேன்.

மேலே கோளாறு, கீழே முகவரி. அவர் என்ன நினைத்திருப்பார்? கேட்ட வேலை வந்துவிட்டது என்றுதான்.

சீட்டை எழுதியது ஒரு தாய். மகனுக்கு இருபத்தாறு வயது. வேலை போனபின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டவன் ஏழு மாதமாக யாரோடும் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்தால் எடுத்துக்கொள்வான், வீடு அடங்கியபின் குளியலறைக்குப் போய் வருவான். உறவுக்காரர்களிடம் அந்த அம்மா, பையன் வெளியூரில் வேலையாக இருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு லிஃப்ட்காரர் பையோடு போய் நின்றார். சபையிலிருந்து வருகிறேன் என்றதும் போதகர் அனுப்பியவர் என்று நினைத்து அந்த அம்மா உள்ளே விட்டார். ஒரு ஸ்டூலை வாங்கி அறைக் கதவருகே போட்டு உட்கார்ந்து, மழை வருமா வராதா என்று ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் பேசினார். உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. எழுந்திருக்கும்போது, "வேலை முடியலைங்க. ஆனா வந்துட்டுப் போனதுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க" என்று சீட்டை நீட்டியிருக்கிறார். அந்த அம்மா ஒன்றும் புரியாமல் போட்டாராம். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அதே கதைதான். வெள்ளிக்கிழமை அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது.

"போதகர்தானே உங்கள அனுப்பினாரு?"

"இல்லீங்களே. கூடையிலேருந்து எடுத்தேன்."

ஊர் பூராவும் பேர், முகவரியோடு கூடையிலிருந்து எடுத்துப் படித்திருக்கும் என்று அந்த அம்மா நினைத்ததில் தப்பே இல்லை. சீட்டைப் பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்துவிட்டு, மறுநாள் நேரே போதகரிடம் வந்து அழுதார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் லிஃப்ட்காரரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நான் என் மேஜையில் இருந்தேன்.

"ஐயா, அது ஜெபிக்கிறதுக்குக் குடுக்கிற சீட்டு. வீட்டுக்கு ஏன் போனீங்க?"

"ஜெபிச்சுட்டுத்தாங்க போனேன்."

"அவங்க முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"சீட்டுலயே இருந்துச்சுங்க."

போதகர் என் பக்கம் திரும்பினார். "நீங்க வெட்டித்தானே போடுவீங்க?"

"எப்பவும் வெட்டித்தான் போடுவேன்" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை மட்டும் பல்வலியில் ஒன்று விட்டுப்போயிருக்கும் என்று உறைத்தது; ஆனாலும் அவ்வளவுதான் நான் சொன்னது. லிஃப்ட்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். "அப்போ நான்தான் ஏதோ தப்பா புரிஞ்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது. புதன்கிழமை அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன்.

நாலாவது மாடியில் இரண்டு அறை. கம்பெனிச் சீருடை இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கியது. காவல்காரர் கீழேயே என்னிடம் சொல்லிவிட்டார்: அந்த மனிதர் தினமும் காலையில் லிஃப்டில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி நிற்பாராம். மோட்டார் சத்தம் சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்பாராம். யாராவது இரண்டு வார்த்தை பேசமாட்டார்களா என்றுதான் அது என்று எனக்குத் தோன்றியது. ஏறுகிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே ஏறி, போனைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிடுவார்கள்.

உட்காரச் சொன்னார். உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டினேன். பல் பிடுங்கியது, வெட்ட மறந்தது, போதகருக்குப் பயந்து மழுப்பியது, எல்லாம். கோபப்படுவார், நாலு வார்த்தை திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தேன்.

"அப்போ அது கைதவறி வந்ததாம்மா?"

"ஆமாண்ணா."

"ஆண்டவர் அனுப்பினதுன்னுல்ல நினைச்சேன்."

அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. பொய்யர் என்ற பேரை நான் அவரிடமிருந்து துடைக்கப் போய், அவரிடம் இருந்த ஒன்றே ஒன்றையும் பிடுங்கிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் சபையில் குப்பை கொட்டியும், "இத்தனை வருஷத்துல நான் வெட்ட மறந்தது அது ஒண்ணுதாண்ணா" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

திரும்பிப் போய்ப் போதகரிடம் உண்மையைச் சொல்லி வயிறு நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் உடனே போன் செய்து லிஃப்ட்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். "அதெல்லாம் எதுக்குங்க" என்றாராம். ஆனால் அந்த ஞாயிறும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தத் தாய் அலுவலகத்துக்கு வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று நான் எழுந்தே நின்றேன். அவரோ மெதுவாக உட்கார்ந்தார்.

"அக்கா, அவரு இப்ப எங்க இருக்காரு?"

"ஏம்மா?"

"நாலு மணியானா உள்ள நாற்காலிய இழுக்குற சத்தம் கேக்குது. கதவுகிட்ட கொண்டுவந்து போட்டு உக்காருறான். அஞ்சு மணிக்குத் திரும்ப இழுத்துட்டுப் போறான். அவரு நின்னுபோன நாள்லேருந்து தினமும் இப்படித்தான். நான் பேசிப் பார்த்தேன். நான் பேசினா எந்திரிச்சுப் போயிடுறான்."

இருவரும் ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா நாற்காலி விஷயத்தை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிவிட்டார். வழியெல்லாம் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். இந்த முறை என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது.

நாலு மணிக்கு ஸ்டூல் போடப்பட்டது. நானும் அந்த அம்மாவும் சமையலறை வாசலில் நின்றோம். உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"தம்பி, மூணு வாரமா வரலை. மன்னிச்சுக்க. யாரோ அனுப்பித்தான் வந்தேன்னு நினைச்சுட்டு இருந்தேன். இல்லைன்னு சொன்னாங்க. மனசு விட்டுப்போச்சு" என்று ஆரம்பித்தார். வழக்கம்போல மழை, பல்வலி என்று போகவில்லை. யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"ஒரு செவ்வாக்கிழமை ஆறாவது மாடியில ஒரு டீச்சரம்மா மாட்டிக்கிட்டாங்க. ரொம்பப் பயந்துட்டாங்க. ஒரு மணி நேரம் பேசினேன். நடுவுல என் பையில போன் அடிச்சுது. எடுத்தா பேச்சு நின்னுபோயிடும், அந்தம்மா பயப்படுவாங்கன்னு எடுக்கலை. அப்புறம் கதவு திறந்துச்சு. வெளிய வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. அவங்க போனதுக்கப்புறம்தான் போனை எடுத்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரி மூணு தடவை கூப்பிட்டிருந்தா..."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. முப்பத்து நான்கு வருடமாகக் கதவுக்கு வெளியே பேச்சை நிறுத்தாத மனிதர் நிறுத்திவிட்டார். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்துகொண்டார். போய்த் தண்ணீராவது கொடுப்போம் என்று நான் ஓரடி வைத்தேன். அந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார்.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பேசிப் பல மாதம் ஆன தொண்டை. முதல்முறை குரல் வரவில்லை. மறுபடி கனைத்தான்.

"அப்புறம்?" என்றான்.