கெட்டித் தோல்

முகத்தில் தண்ணீர் பட்டாலே அம்சத்துக்கு உயிர் போனது. கன்னம் இரண்டும் சிவந்து, செதில் செதிலாக உரிந்தன. பருவுக்கென்று துரைராசுவின் மருந்துக்கடையில் வாங்கிய க்ரீம் செய்த வேலை அது.

மன்னார்குடிக் கல்லூரியில் அவள் பக்கத்தில் உட்காருபவள் துரைராசுவின் தங்கை தங்கமணி. அவளுக்கும் பரு, அவளும் அண்ணன் கொடுத்ததைத்தான் பூசினாள். ஆனால் அவள் முகத்தில் லேசான வறட்சி மட்டும்தான். இருவரும் ட்யூப்களை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். தங்கைக்கு அடாபலீன். அம்சத்துக்குத் தோலை உரிக்கும் ட்ரெட்டினாயின், அதிலும் வீரியம் கூடியது.

"எரிச்சல் கம்மியானது இதுதான்னு அண்ணன் எடுத்துக் குடுத்துச்சுடி" என்றாள் தங்கமணி, தலைகுனிந்து.

அம்சம் நேரே கடைக்குப் போனாள்.

"ஏங்க, தங்கச்சிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?"

துரைராசு சிரித்தான். "ஒங்க ஆளுங்களுக்குக் கெட்டித் தோலும்மா. இதுதான் உறைக்கும். சும்மா சுருக்குங்கும், பூசப் பூசப் பழகிடும்."

பண்ணையாராக இருந்த அவன் தகப்பன் சொன்ன சொல்தான் அது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக அவள் அப்பா வைரக்கண்ணுவை இளவயதில் களத்தில் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்தபோது, "கெட்டித் தோலுடா, நல்லாப் போடு" என்றவர் அவர். பிறகு ஆட்சி மாறியது, சட்டம் வந்தது, குத்தகை நிலத்துக்காக வழக்காடி அப்பா வென்றார். சொல் மட்டும் சாகவில்லை. தோலுக்குச் சாதி தெரியாது. மருந்து விற்கிறவனுக்குத் தெரிந்திருந்தது.

"சுருக்குங்குமா? அப்ப நீங்களும் பூசுங்க. ஒரு கன்னத்துல எனக்குக் குடுத்தது, மறு கன்னத்துல தங்கச்சிக்குக் குடுத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேன்."

மாத்திரை வாங்க நின்ற பஞ்சநதம் எடுத்துக்கொடுத்தார்: "பண்ணை வீட்டுப் புள்ள பயந்துடுச்சு போலருக்கே!"

கடையே சிரித்தது. மானம் போகுமென்று துரைராசு ஒத்துக்கொண்டான். ராத்திரிதோறும் தங்கமணி பக்கத்தில் நின்று பூசவைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கல்லாவில் இருந்தான். அம்சம் அப்பாவோடு வந்தாள்.

"துண்ட எடுங்க."

தங்கமணியின் க்ரீம் பூசிய கன்னம் சாதாரணமாக இருந்தது. மறு கன்னம் வெந்த இறாலாகச் சிவந்து, பாம்புச் சட்டைபோல் உரிந்திருந்தது.

"எரியுதா?"

"எரியுதும்மா."

"தோலாலயா, மருந்தாலயா?"

"மருந்தாலதான்."

"சத்தமா சொல்லுங்க. எங்கப்பாவுக்குக் காது மந்தம்."

"மருந்தாலதான்!" என்று கத்தினான். வைரக்கண்ணு முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"நிறுத்திடவாம்மா?" துரைராசுவின் கண்ணில் நீர் கோத்திருந்தது.

அம்சம் தன் பழைய ட்யூபை அவன் முன்னால் வைத்தாள்.

"எதுக்கு? பூசப் பூசப் பழகிடும், துரைராசு."