ஒன்றரைக் கிலோமீட்டர்

செயல்திட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் முதலில் என் மேல்தான். மற்றவர்கள் வரிசையில் பின்னால் நிற்கட்டும்.

நான் மணலூர்பேட்டைப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் வரப்பில் நின்றால் அடுத்த ஊர்க் கோயில் தெரியும். வேலை கிடைத்ததோ கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி ஒரு தொடக்கப் பள்ளியில். ஐந்தாம் வகுப்புக்கு ‘என் வீட்டிலிருந்து பள்ளிக்கு’ என்று ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். அவரவர் நடந்து வரும் வழியை வரைபடமாகப் போட வேண்டும். நன்றாக வந்ததைக் கண்காட்சியில் மாட்டுவோம், போட்ட பிள்ளையே விளக்கிச் சொல்ல வேண்டும்.

ஒரு பெண் இரண்டு படம் கொண்டுவந்தாள். பள்ளிக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் சிற்றூர் அவளுடையது. முதல் படத்தில் வழி ஒரு சாண் இருந்தது. இரண்டாவதில் அதே வழி, அதே புளியமரம், அதே ஓடை. ஆனால் தாளோடு தாள் ஒட்டி மூன்று சாணுக்கு இழுத்திருந்தாள்.

“இன்னாம்மா இது? வழி ஒண்ணுதான? எதுக்கு ரெண்டு?”

“இது காலையில எறங்கி வர்றதுங்க டீச்சர். இது சாயங்காலம் ஏறிப் போறதுங்க. இம்மாந்தூரம் ஆவுதுங்க.”

நான் சிரித்தேன். வகுப்பில் ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்த மலையில் எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டாலும், “ஏத்தத்துலங்களா, எறக்கத்துலங்களா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். மூன்று வருடமாக அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஏதோ பேச்சு வழக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன். படித்த திமிர், வேறென்ன?

செல்போனில் அவள் ஊருக்கும் பள்ளிக்கும் புள்ளி வைத்துப் பார்த்தேன். நேர்கோட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர் காட்டியது. ஸ்கேலைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து புதுப் படம் போடவைத்தேன். ஒரே கோடு. கீழே கொட்டை எழுத்தில் ‘தூரம்: ஒன்றரைக் கிலோமீட்டர்’. அவள் சொன்னபடியே போட்டாள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வயது.

அவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டியவள். ஏற்றத்தில் நடந்தால் மூச்சிழுப்பு வந்துவிடும். வண்டி விட்டால்தான் அனுப்புவேன் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு வண்டி கேட்டு மனு கொடுத்திருந்தார்கள். அதை விசாரிக்க வேண்டிய அதிகாரி, கண்காட்சியையும் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று அன்றைக்கே வந்தார்.

வந்தவர் அவள் படத்துக்கு முன்னால் நின்றார். நான் சொல்லிக்கொடுத்தபடி அவள் தெளிவாகச் சொன்னாள். அவர் கைதட்டினார்.

“சூப்பரா போட்டிருக்கியேம்மா! இதான வண்டி கேட்ட ஊரு? ஒன்றரை கிலோமீட்டர்தானா? இதுக்குப் போயி வண்டியா?”

“சார், அது நேர்கோட்டுக் கணக்கு. ஏறிப் போனா ரொம்ப ஜாஸ்திங்க சார்” என்றேன்.

“நீங்க சொல்லிக்குடுத்து, பாப்பா போட்ட படந்தான டீச்சர்?”

செல்போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். மேலே ஓர் அடி ஏறிப் பார்க்கவில்லை அந்த மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து மலையை அளக்கிறவர்களை நினைத்தால் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது. ஆனால் அளக்க ஸ்கேலை எடுத்துக் கொடுத்தது யார்?

அன்று சாயங்காலம் முதல் தடவையாக அவளோடு அவள் வீட்டுக்கு நடந்தேன். ஓடையைத் தாண்டியதும் பாதை செங்குத்தாக நிமிர்ந்தது. நாலு இடத்தில் உட்கார்ந்தேன். அவள் என் பையையும் வாங்கிச் சுமந்துகொண்டு, ஒவ்வொரு தடவையும் காத்து நின்றாள். போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். மடியில் சாய்ந்திருந்த சின்னவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

“வாங்க டீச்சர். வண்டி வருங்களா?” என்று அம்மா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் முந்திக்கொண்டாள்.

“வராதும்மா. நான் படத்த தப்பாப் போட்டுட்டேன்.”