எந்தக் குழாய் என்று கேட்டவர்

சென்ற மாதம் அறுவைக் கூடத்துக்கு வெளியே கை கழுவிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "நம்ம ராஜேஸ்வரி மிஸ்ஸி தவறிட்டாங்களாம் டாக்டர்," என்றார் உதவியாளர். தண்ணீரை நிறுத்தவும் மறந்து நின்றேன்.

பெடாஸ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். எங்கள் அறுவைக் கூடத்தில் முப்பது ஆண்டுகள் தாதியாக, எங்கள் பேச்சில் மிஸ்ஸியாக, இருந்தார். "அது ஏன் அப்படி?" என்று அவர் கேட்காத நாளை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

ஒரு காலத்தில் பித்தப்பையை எடுக்க வயிற்றைக் கையகலம் திறப்போம். சிறு துளைகள் வழியே கேமராவை விட்டு, திரையைப் பார்த்தபடி எடுக்கும் முறை வந்தபோது என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மிஸ்ஸியை யாரும் அனுப்பவில்லை. அவர் ஒரு பிஸ்கட் பெட்டியில் ஓட்டை போட்டு, நீளக் கருவிகளை நுழைத்து, உள்ளே நடப்பதைக் கண்ணாடியில் பார்த்தே டுக்குப் பழச் சுளையின் மேல்தோலை உரித்துப் பழகினார். ஓய்வறையில் என்னையும் உட்காரவைத்தார். மூன்று சுளைகளை நசுக்கினேன்.

"கண்ணு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அதான் டாக்டர் கஷ்டம்," என்று சிரித்தார்.

சில மாதங்கள் கழித்து அவர் பிறந்த தோட்டத்திலிருந்தே தனலெட்சுமி என்ற பெண் அறுவைக்கு வந்தார். மிஸ்ஸிதான் கேமராவைப் பிடித்திருந்தார். பித்தப்பை வீங்கி, சுற்றிலும் ஒட்டிப்போயிருந்தது. அதன் குழாய் என்று நினைத்ததில் கிளிப் போட்டு வெட்ட நெருங்கினேன்.

"டாக்டர், அந்தக் குழாய் எங்க போவுதுன்னு பாத்துரலாம்லா."

எனக்கு எரிச்சல் வந்தது. "எனக்குத் தெரியும் மிஸ்ஸி."

"எனக்குத் தெரியலையே டாக்டர்."

பார்த்தோம். அது கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் பெரிய குழாய். வெட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்நாள் மஞ்சள்காமாலையும் மறு அறுவையுமாகப் போயிருக்கும். கருவிகளை வெளியே எடுத்துவிட்டு, பழைய முறையில் வயிற்றைத் திறந்து முடித்தேன்.

அதன்பின், வெட்டும் முன் எதைப் பார்க்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்வது எங்கள் கூடத்தின் வழக்கமானது. மேசையைச் சுற்றி நிற்பவர் யாரும் மறுக்கலாம். அந்த வழக்கம் ஏன் வந்தது என்று நான் சொன்னதில்லை. மிஸ்ஸியும் சொல்லவில்லை.

செய்தி வந்த அன்று மாலை நான் போனபோது, நீலாயில் மகள் வீட்டில் அவர் உடலைக் கிடத்தியிருந்தார்கள். தனலெட்சுமி வந்திருந்தார்.

"எனக்கு மட்டும் சின்ன ஓட்டையில செய்ய முடியலையேன்னு மிஸ்ஸிகிட்ட எத்தனையோ தடவ கொறபட்டிருக்கேன் டாக்டர். சிரிச்சிட்டுப் போயிருவாங்க."

அங்கேயே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் தவறையும் சேர்த்து. அவர் எழுந்து போய் மிஸ்ஸியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இப்போது இயந்திரக் கைகளால் அறுவை செய்யும் முறையைக் கற்கிறேன். மிஸ்ஸியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, தெரியாததைத் தெரியாது என்று பலர் முன்னால் சொல்லும் துணிவு. வகுப்பின் முதல் நாள், என் பாதி வயதுள்ள மருத்துவர்களுக்கு நடுவே, புரியவில்லை என்று முதலில் கை தூக்கியவன் நான்தான்.