இங்கிலீஷ் விளையாட்டும் என் வயிற்றுக் கலக்கமும்

“விளையாடிக்கிட்டு இருக்கும்போது பிள்ளைகளுக்குத் தெரியாமலே இங்கிலீஷ் உள்ள போயிரும்” என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் கிரேஸ் டீச்சர். என் இளைய மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு, வீட்டில் யாருக்குச் சோறு பொங்குகிறோம் என்றே தெரியாமல் நான் உட்கார்ந்திருந்த பங்குனி மாதம் அது. தெரியாமல் உள்ளே போவது நல்லதுதான். போயிருக்கிறதா என்று பெற்றவர்கள் வந்து கேட்டால் எதை எடுத்துக் காட்டுவது என்பதை மட்டும் டீச்சர் சொல்லவில்லை.

டீச்சர் திருநெல்வேலியில் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை பஸ் ஏறி சங்கரன்கோவிலுக்கு வருவார். எங்கள் சபையின் பின்பக்க ஹாலில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புது விளையாட்டு ஒன்று சொல்லித்தருவார். மற்ற நாள் சாயந்தரங்களில் அதே விளையாட்டைத் திரும்ப ஆட வைப்பது என் வேலை. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷ் வாக்கியம் ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் மனதுக்குள் ஒரு தடவை ஜெபித்துக்கொள்வேன். வகுப்பில் ஜெபம் கிடையாது, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருகிற இடம் என்பது டீச்சர் போட்ட சட்டம். மனதுக்குள் ஜெபிப்பதற்குச் சட்டம் ஏது? அடுத்தவர் பிள்ளையை வைத்துக்கொண்டு சாயந்தரத்தைத் தள்ளுகிற டியூஷன் அக்காமார் எல்லாரும் இதை வாசித்தால், “இது நம்ம பாடுதான்” என்று சொல்வீர்கள்.

ஆடித்தபசு வரைக்கும்

கோமதி ஏழாம் வகுப்பு. ஓடுவாள், சிரிப்பாள், பந்தைப் பிடித்தால் விடமாட்டாள். வாய் மட்டும் திறக்க மாட்டாள். தமிழிலேயே அளந்துதான் பேசுவாள் என்றால் இங்கிலீஷுக்கு எங்கே போவது? அவள் அப்பா சுப்பையா தறி ஓட்டுகிறவர். அவர்கள் தெருப் பெண்பிள்ளைகள் எல்லாரும் கோமதி பின்னால்தான் வருவார்கள், கோமதி பின்னால்தான் போவார்கள். அவள் நின்றால் அத்தனை பேரும் நின்றுவிடுவார்கள். பாதி ஹால் காலியாகிவிடும்.

ஜூலை மாதம் ஒரு நாள் சுப்பையா வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்திருக்கும். சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டே, பிள்ளை தினமும் வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வருவதைச் சொன்னார். என்ன படித்தாய் என்று கேட்டால் சிரிக்கிறாளாம். மற்ற டியூஷனில் எழுதிக்கொண்டாவது வருகிறார்களாம். டீச்சர் எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது:

“ஆடித்தபசு வரைக்கும் பாக்குதேன், டீச்சரம்மா. அதுக்குள்ள அவ வாயில ஒரு வார்த்தை இங்கிலீஷ் வரலைன்னா, சாயந்தரம் வீட்ல இருந்து தார் சுத்தட்டும்.”

தார் சுற்றுவதென்றால், தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றுகிற வேலை. ராட்டை முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமிருக்காது. தபசு எங்கள் ஊர்க் கோவில் திருவிழா; அன்றைக்கு இரவே காலண்டரை எடுத்து அதற்கு எத்தனை நாள் என்று எண்ணினேன்.

போணி

அந்த வாரம் டீச்சர் கடை விளையாட்டு சொல்லித்தந்தார். ஒருவர் கடைக்காரர், மற்றவர்கள் வாங்குகிறவர்கள். இங்கிலீஷில் விலை கேட்க வேண்டும். கட்டுப்படியாகவில்லை என்றால் ‘நோ, தேங்க் யூ’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போக வேண்டும். வேண்டாத பொருளைக் கூச்சத்துக்காக வாங்காமல் இருக்கப் பழகுவதும் இதில் ஒரு பாடமாம். பென்சில், சோப்பு டப்பா, என் வீட்டிலிருந்து கொண்டுபோன கத்தரிக்காய் எல்லாம் பரப்பினோம். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சியின் மகன் செல்வம் கடைக்காரனாக உட்கார்ந்தான்.

முதலில் வந்த பையன் கத்தரிக்காய் விலையைக் கேட்டான். பாடத்தில் உள்ளபடியே ‘நோ, தேங்க் யூ’ சொல்லிவிட்டுத் திரும்பினான். செல்வம் கடையிலிருந்து தாவி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டான். முதல் ஆள் வாங்காமல் போனால் போணி ஆகாது, நாள் முழுக்க வியாபாரம் படுத்துவிடும் என்று கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது அவனுக்கு. வாங்க வந்தவனோ, டீச்சர் சொல்லித்தந்ததைத்தானே சொன்னேன் என்று கத்துகிறான். நான் இருவரையும் விலக்கிக்கொண்டிருக்கிறேன், ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் செல்வத்தின் அப்பா. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. இன்னொரு பிள்ளையும் போச்சு என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து, மகனைத் தட்டிக்கொடுத்து, அந்தக் கத்தரிக்காயைக் கையிலெடுத்துப் பார்த்தார்.

“மொத ஆள வெறுங்கையோட அனுப்பச் சொல்லாதீங்கம்மா. ரெண்டாவது ஆள்ல இருந்து நோ சொல்லச் சொல்லுங்க, எங்களுக்கு ஆட்சேபணை இல்ல.”

வேண்டாம் என்று சொல்வது

அடுத்த சனிக்கிழமை டீச்சர் கொண்டுவந்தது, தெரியாதவர் கூப்பிட்டால் மறுப்பது. ஒருவர் வந்து ஐஸ் வாங்கித்தருகிறேன் வா என்று நயமாகக் கூப்பிடுவார். மற்றவர் ஒரு எட்டுப் பின்னால் வைத்து, உள்ளங்கையை முகத்துக்கு நேரே காட்டி, ‘நோ, ஐ வில் நாட் கம்’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஹால் இடிந்து விழுகிற மாதிரிச் சொன்னார்கள். கோமதி சொல்லவில்லை. ஆனால் அவள் வைத்த எட்டும் காட்டிய கையும் இருக்கிறதே, கூப்பிட்ட பிள்ளை நிஜமாகவே பயந்துபோனது.

அதோடு முடிந்திருந்தால் நிம்மதி. மறுநாள் வீட்டில் அவசரத்துக்கு நூல் சுற்ற அவள் அப்பா கூப்பிட்டிருக்கிறார். கோமதி ஒரு எட்டுப் பின்னால் வைத்து உள்ளங்கையைக் காட்டிவிட்டாள். இது தெரியாதவர்களுக்கு மட்டும்தான் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். திங்கட்கிழமை சுப்பையா வாசலில் நின்றதைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையிடம் எடுத்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

“பேச்சு வரல, எதிர்ப்பு மட்டும் வந்துருக்கு. இதுக்கு ஒரு வகுப்பா, டீச்சரம்மா?”

கைப்பேச்சு

தறி ஓடுகிற வீட்டுக்குள் நீங்கள் போயிருந்தால் தெரியும், பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அங்கே எல்லாம் கையால்தான். நூல் அறுந்தால் இரண்டு விரலை முறுக்கிக் காட்டுவார்கள். டீ வந்தால் கட்டைவிரல் உதட்டுக்குப் போகும். முதலாளி வந்தால் மீசை இல்லாதவர்கூட மீசையை முறுக்குவார். ஒருவர் நடித்துக் காட்ட மற்றவர்கள் இங்கிலீஷில் சொல்கிற விளையாட்டை டீச்சர் தொடங்கியபோது, கோமதி எழுந்து நடுவில் வந்து நின்றாள். யாரும் கூப்பிடவில்லை.

அன்றையிலிருந்து அவள்தான் எல்லாருக்கும். மழை பெய்வது, பஸ் நிற்காமல் போவது, அம்மா அடுப்பில் கை சுட்டுக்கொள்வது, எல்லாம் அந்தப் பத்து விரலில் வரும். கை கேட்டால் வாய் பதில் சொல்லணும், இங்கிலீஷில் சொல்லணும், அதுதான் ஆட்டத்தின் சட்டம். வாயே திறக்காத பிள்ளைகளெல்லாம் அவளைப் பார்த்து முண்டியடித்துக்கொண்டு சொன்னார்கள். எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. ஊரையே பேச வைக்கிறவள் தான் மட்டும் பேசவில்லையே, தபசுக் கொடி வேறு ஏறிவிட்டதே. ஒரு நாள் அவளை உட்காரவைத்து, இன்றைக்குக் கோமதி சொல்லட்டும், வேறு யாராவது நடியுங்கள் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். செல்வம் என் பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொன்னான்:

“அவள மட்டும் பேச வச்சிராதீங்க, டீச்சர். அப்புறம் நமக்கு யாரு நடிச்சுக் காட்டுவா?”

தபசுக்கு மறுவாரம்

‘மை நேம் இஸ் கோமதி’ என்று ஒரே ஒரு வரியை உருப்போட வைத்துவிடலாமா என்று போனில் டீச்சரிடம் கேட்டேன். அப்படிச் செய்தால் அது அவள் அப்பாவுக்கான வார்த்தையாக இருக்கும், அவளுக்கானதாக இருக்காது என்று டீச்சர் சொல்லிவிட்டார். சரிதான். ஆனால் சுப்பையா வரும்போது திருநெல்வேலியில் இருக்கப்போவது டீச்சர், வாசலில் நிற்கப்போவது நான். தபசுக்காட்சி முடிந்து, கடைகளையெல்லாம் பிரித்துக்கொண்டிருந்த அந்த வாரம் முழுவதும், ஆண்டவரே ஒரு வார்த்தை போதும் என்பதைத் தவிர வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

அவர் வந்தார். உள்ளே ஆட்டம் உச்சத்தில் இருந்தது. கோமதி நடுவில் நின்று எதையோ காட்ட, பிள்ளைகள் ஆளுக்கொன்றாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். தறிச் சத்தத்துக்குக் குறைவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பழக்கதோஷம்தான் போல, சுப்பையா மகளை வாயால் கூப்பிடவில்லை. கையை உயர்த்தி, விரல்களை மடக்கி இழுத்து, தெருப்பக்கம் காட்டினார். வா, போவோம்.

கோமதி நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தாள். இத்தனை நாளும் கை காட்டியவள் அவள், பதில் சொன்னவர்கள் மற்றவர்கள். இன்றைக்குக் கை காட்டுவது வேறு ஆள். ஹாலின் அந்தக் கடைசியிலிருந்து, தறிக்கு மேலே கேட்கிற குரலில் சொன்னாள்:

“வெயிட், அப்பா. இட் இஸ் மை டர்ன்.”

பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். சொன்னவளுக்கே அப்போதுதான் தெரிந்தது போலும், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுப்பையா என்னைப் பார்த்து, என்ன சொல்லுதா என்று கேட்டார். கொஞ்சம் இருங்கப்பா, இப்ப என் முறை என்று சொல்கிறாள் என்றேன். அவர் யோசித்தார். அப்படியென்றால் இப்போது வரமாட்டேன் என்றுதானே அர்த்தம் என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. ஆமாம் தம்பி என்றேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். படியில் உட்கார்ந்தார்.

“வரமாட்டேங்கத இவ்வளவு மரியாதையா சொல்லலாம்னா, நாளைக்கும் வந்து சொல்லட்டும்.”

மறுநாளும் அவள் வந்தாள், அவள் தெருவும் வந்தது. பாஷை பிள்ளைகளுக்குத் தெரியாமலே உள்ளே போகும் என்று கிரேஸ் டீச்சர் சொன்னது உண்மைதான், அது வெளியே வருகிறவரைக்கும் நம் உயிர்தான் போய்ப்போய் வருகிறது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: சாயந்தரம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தால், ஆட்டம் முடிகிறவரை வாசல்படியில் கொஞ்சம் உட்காருங்கள்.